அடுத்த ரவை

வேட்டைத் துவக்கொன்றை விலைக்கு வாங்க விழைபவன் கடைக்காரனிடம் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் முதல் ரவையைப் பற்றியனவாகவே அமைகின்றன. எவ்வளவு தூரம் செல்லும், நூறு யார் தொலைவில் மூன்று சன்னங்களும் ஓர் அங்குல வட்டத்துள் விழுமா, தொலைநோக்கி பொருத்தலாமா, நிறை எத்தனை இறாத்தல் என்பனவே அவ்வினாக்கள். விற்பவனும் இவற்றுக்குரிய விடைகளை மனப்பாடமாக வைத்திருப்பான். மூன்று துளைகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் கடதாசி இலக்கொன்றை எடுத்து மேசையில் விரித்தும் காட்டுவான். கடதாசிக்கு இரத்தமில்லை. அது காயத்தோடு பற்றைக்குள் ஓடி மறைவதுமில்லை. முதல் ரவை பிழைத்த பின்னர், அல்லது அதனினும் கொடிதாகப் பாதி பிழைத்த பின்னர், என்ன நிகழும் என்ற வினா கடையில் அரிதாகவே எழும். ஆனால், தாழ்ப்பாள் துவக்குகளை ஆக்கியோர் நூறாண்டுக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொண்டது பெரும்பாலும் அந்த ஒரு வினாவோடுதான் என்பது, அவற்றைப் பக்கத்திற் பக்கமாக வைத்து ஒப்பிட்டு நோக்குவார்க்கு விரைவிலேயே புலனாகும்.

தாழ்ப்பாள் என்னும் சொல் இங்கு உவமையாக வந்ததன்று. கதவின் தாழ்ப்பாளைப் போலவே உருளை வடிவான இரும்புத் தண்டொன்று குழலின் பின்புறத்தை அடைத்து நிற்கின்றது. அதன் கைபிடியை மேலே தூக்கிப் பின்னே இழுத்தால் வெற்றுக் கோது வெளியே தெறிக்கும். முன்னே தள்ளினால் கீழறையிலிருந்து புதிய ரவை எழுந்து குழலுட் புகும். கைபிடியைக் கீழே மடித்தால் தாழ் பூட்டிக்கொள்ளும். தூக்கு, இழு, தள்ளு, மடி என்ற இந்நான்கு அசைவுகளும் பழகிய கையில் ஒரே அசைவாகிவிடும். பழகாத கையில் அவை நான்கும் நான்கு தவறுகளுக்கு வாய்ப்பாகும்.

அடுத்த ரவையின் அருமையை விளக்க 1907ஆம் ஆண்டில் குமாவோன் மலைநாட்டுச் சம்பாவத்தில் நிகழ்ந்ததைக் காட்டிலும் பொருத்தமான கதை கிடைப்பதரிது. அங்கு ஆட்கொல்லிப் பெண்புலியொன்றைத் தேடிச் சென்ற ஜிம் கோர்பெற்றின் கையில் இருந்தது இரட்டைக் குழல் றைபிள். சட்டைப்பையில் இருந்தவை மூன்றே மூன்று ரவைகள். இரண்டுக்கு மேல் சுட வாய்ப்புக் கிட்டாது, மூன்றாவது ஆபத்துக்கு உதவட்டும் என்பது அவர் கணக்கு. கணக்கு பிழைத்தது. மூன்றும் தீர்ந்த பின்னரும் புலி காயத்தோடு நின்றது. அவர் மேட்டில் நின்ற தாசில்தாரிடம் ஓடி அவருடைய துவக்கைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தார். புலிக்கும் அவருக்கும் இடையே இருபது அடி இருக்கையில் துவக்கை உயர்த்தியபோதுதான், அதன் குழலுக்கும் பின்னடைப்புக்கும் நடுவே ஏறத்தாழ எட்டில் மூன்று அங்குல இடைவெளி இருப்பதைக் கண்டார். வெடித்தால் நெருப்பு அவர் கண்ணிலேயே அடிக்கக்கூடும். வேறு வழியின்றிப் புலியின் திறந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார். ரவை வாயிற் படவில்லை, முன்னங்காலிற் பட்டது. முன்னைய காயங்களால் புலி உயிர்விடும் தறுவாயில் இருந்தமையால் அந்தச் சிறு தட்டுதலே போதுமாயிற்று. இத்தனையையும் கோர்பெற் 1944இல் வெளிவந்த தமது நூலில் தம்மை உயர்த்திக் கூறாது எழுதியிருக்கிறார். குறி தவறியது தமது பிழையாகவும் இருக்கலாம், துவக்கின் பிழையாகவும் இருக்கலாம் என்கிறார். துவக்கு விற்போர் தம் பட்டியல்களில் இக்கதையை அச்சிட்டால் வாங்குவோர்க்கு நன்மை விளையும்.

அந்தப் புலியைக் கொன்றமைக்காக ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் சேர் ஜோன் ஹியூவெற் அவருக்கு ஒரு பரிசளித்தார். பரிசு வேறொன்றுமன்று, இலண்டன் றிக்பி கொம்பனியார் ஆக்கிய .275 தாழ்ப்பாள் றைபிள். இரட்டைக் குழலில் இரண்டோடு முடிந்தவை இதன் அறையில் ஐந்தாக நின்றன. பரிசைத் தெரிந்தெடுத்தவர்கள் தாசில்தாரின் துவக்கை நினைத்துத்தான் தெரிந்தெடுத்தார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இதற்கு முந்திய காலத்தில் அடுத்த ரவை எங்கே இருந்தது என்பதை இலங்கைக் காடுகள் அறியும். நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் 1850களில் வெளியிட்ட இரண்டு நூல்களில் அக்கால வேட்டையின் இயல்பு தெளிவாகக் காணப்படுகின்றது. அன்றைய துவக்குகள் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கோலால் இடித்து நிரப்பப்படுவன. அவ்வளவு நேரம் யானை பொறுத்திருக்குமா? ஆகையால், நிரப்பிய துவக்குகளைத் தாங்கிய ஆட்கள் வேட்டைக்காரனின் முதுகுக்குப் பின்னே நின்றனர். நீட்டிய கைக்கு நேரத்தில் துவக்கு வந்து சேரவேண்டும். வராவிட்டால் கதை முடிந்தது. அடுத்த ரவை என்பது அக்காலத்தில் ஒரு மனிதனாக இருந்தது. அவன் ஓடிவிட்டால் கோழை என்று நூலில் இடம்பெறுவான். நின்றால் பெருமை முன்னால் நின்றவருக்கே சேரும். தாழ்ப்பாள் துவக்கின் கீழறை பின்னர் அவன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்குக் கூலியுமில்லை, அச்சமுமில்லை.

அந்த அறையிலிருந்து குழல்வரை ரவை செல்லும் வழி இரண்டரை அல்லது மூன்று அங்குலமே இருக்கும். அவ்வளவு குறுகிய பயணத்தில் என்ன நேர்ந்துவிடும் என்று எண்ணுபவன் முதலிற் பார்க்கவேண்டியது ஜேர்மனியின் ஒபேண்டோர்வ் நகரில் போல் மவுசர் ஆக்கி, 1898இல் ஜேர்மன் படை ஏற்றுக்கொண்ட துவக்கை. அதன் தாழின் பக்கத்தே நீண்ட எஃகு வில்லொன்று கிடக்கின்றது. அதன் நுனி கவ்வியாக வளைந்திருக்கின்றது. ரவை அறையிலிருந்து மேலெழும்போதே அதன் அடிவிளிம்பு இந்தக் கவ்வியினுள் வழுக்கிப் புகுந்துவிடும். அதன் பின்னர் குழலுட் புகுந்து, வெடித்து, வெற்றுக் கோதாக வெளியே எறியப்படும்வரை அது தாழின் பிடியை விட்டு விலகுவதில்லை. துவக்கைத் தலைகீழாகப் பிடித்தாலும் இவ்வொழுங்கு மாறாது. பிற்காலத்துத் துவக்குகள் பலவற்றில் இந்த நீண்ட கவ்வி இல்லை. அவற்றில் தாழ் ரவையை முன்னே தள்ள மட்டும் செய்யும். தாழ் முற்றாக மூடிய பின்னரே சிறு கொளுவியொன்று விளிம்பைப் பற்றும். அமைதியான வேளையில் இரண்டுக்கும் வேறுபாடு தோன்றாது. பதற்றத்தில் தாழை முற்றாக மூடாமல் பாதியிற் பின்னிழுத்துவிட்டால்தான் வேறுபாடு வெளிப்படும். மவுசர் பாதியிற் சென்ற ரவையையும் திருப்பிக் கொண்டுவந்து எறிந்துவிடும். மற்றதிலோ அந்த ரவை குழலுள்ளேயே தங்கிவிடும். அடுத்த முறை தள்ளும்போது இரண்டாவது ரவை அதன் முதுகில் மோதி இரண்டும் இறுகிக்கொள்ளும். மனிதனின் கை நடுங்கும் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு, அதற்கு இடம்விட்டு ஆக்கப்பட்ட கருவி மவுசர் என்று கூறலாம். இத்தகைய பணிவு இயந்திரங்களிற் காண்பது அரிது. அவற்றை ஆக்குவோரிடம் அதனினும் அரிது.

இந்தக் கவ்விக்கு நேர்ந்த கதியையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் வின்செஸ்டர் கொம்பனி 1936இல் ஆக்கத் தொடங்கிய 'மாதிரி 70' மவுசரின் கவ்வியைத் தழுவியது. அந்நாட்டு வேட்டைக்காரர் அதனைப் பெரிதும் போற்றினர். 1964இல் ஆக்கச் செலவைக் குறைக்கும் பொருட்டுக் கொம்பனி கவ்வியைக் கைவிட்டது. பிடங்கிற் கையாற் செதுக்கிய வரிகளுக்குப் பதிலாக அச்சால் அழுத்திய வரிகள் வந்தன. வாங்குவோர் முகஞ்சுளித்தனர். அவ்வாண்டுக்கு முந்திய பழைய துவக்குகளின் விலை புதியவற்றின் விலையைத் தாண்டி ஏறிற்று. '1964க்கு முந்தியது' என்பது இன்றும் அவ்வட்டாரத்தில் ஒரு தரச்சொல். ஈற்றில், 1990களின் தொடக்கத்தில் கொம்பனி கவ்வியைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆயினும் நடுநிலையோடு நோக்கின், 1962இல் வந்த 'றெமிங்டன் 700' கவ்வியின்றியே பெரும் எண்ணிக்கையில் விற்பனையானதையும் மறுத்தற்கில்லை. அதன் தாழ்முகம் ரவையின் அடியை வளையமாகச் சூழ்ந்து நிற்பதால் கோது கிழிந்தாலும் வாயு பின்னே பாய்வது கடினம். உடற்பகுதி உருண்டையாதலால் கடைவது எளிது, விலையும் குறைவு, குறியும் நன்று. இன்றைய பின்லாந்து 'டிக்கா' முதலியனவும் அவ்வழியே செல்வன. இருநூறு யார் தொலைவில் மேயும் மானொன்றைச் சுடுபவனுக்கு அவை போதும். காயம்பட்ட விலங்கைப் புதருக்குள் தொடர்ந்து செல்ல வேண்டியவன் பழைய கவ்வியைத் தேடுவான். அது வெறும் பழைமைப் பற்றன்று.

அழகை மட்டும் கருதின் அவுஸ்திரியாவின் மன்லிக்கர்-ஷோனவர் முதலிடம் பெறும். 1903இல் கிரேக்கப் படைக்கென ஏற்கப்பட்ட இத்துவக்கின் அறையுள் ரவைகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்படுவதில்லை. சுழலும் உருளையொன்றைச் சுற்றி அமர்ந்திருக்கும். தாழ் எண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடும். குழலின் நுனிவரை நீண்ட மரப்பிடியும் தட்டையான கைபிடியும் கொண்ட அதன் வேட்டை வடிவைக் கண்டவர் எளிதில் மறக்கமாட்டார். ஆனால் தாழின் கைபிடி உடற்பகுதியின் மேற்பாலத்தை ஊடறுத்துச் செல்வதால் தொலைநோக்கியைச் செவ்வனே பொருத்துதல் கடினமாயிற்று. தொலைநோக்கியின்றி எவரும் வேட்டைக்குச் செல்லாத காலம் வந்தபோது அதன் செல்வாக்கும் குன்றியது.

மன்லிக்கர் இலக்கியத்தினுள்ளும் புகுந்திருக்கிறது. ஏர்னெஸ்ற் ஹெமிங்வே 1936இல் வெளியிட்ட பிரான்சிஸ் மக்கோம்பர் பற்றிய சிறுகதையில் கணவனின் உயிரைப் போக்குவது மனைவியின் கையிலிருந்த மன்லிக்கரே. அவள் எருமையைக் குறிவைத்தாளா, கணவனையா என்று விமரிசகர் இன்றுவரை வாதிடுவர். துவக்கை ஒப்பிடுபவன் அக்கதையில் வேறோரிடத்தில் நிற்பான். மக்கோம்பர் தன் ஸ்பிறிங்பீல்ட் றைபிளோடு சிங்கத்தை எதிர்கொள்கிறான், விரல் ஒடியும் என்னுமளவுக்கு விசையை இழுக்கிறான், ரவை புறப்படவில்லை. காப்புத்தடையை அவன் விடுவிக்கவில்லை. அதனை நினைவுகூர்ந்து விடுவித்துச் சுடும்போது சிங்கம் நகரத் தொடங்கிவிடுகிறது. குறி பிசகி அதன் உடலில் ஆழ்ந்த காயம் மட்டுமே உண்டாகிறது. அக்கதையின் அவலமனைத்தும் அந்தக் காயத்திலிருந்தே கிளைக்கின்றது. காயம்பட்ட சிங்கம் புல்லுக்குள் படுத்துக்கொண்டது. அதை அப்படியே விட்டுச் சென்றுவிடலாமே என்பது மக்கோம்பரின் எண்ணம். விடமுடியாது என்பது வழிகாட்டியின் முடிவு: அது துன்புறும், பிறகு அவ்வழி வரும் வேறெவரையேனும் தாக்கும். ஹெமிங்வே தாமே 1933-34இல் ஆபிரிக்கக் காடுகளுக்கு ஸ்பிறிங்பீல்ட் றைபிளோடு சென்றவராதலால் அந்தத் தடையின் பழக்கமும் மறதியும் அவருக்கு ஏட்டறிவாக இருந்திருக்காது. மவுசரின் தடையைச் செங்குத்தாக நிறுத்தும்போது அது குறிபார்க்கும் கண்ணையே மறைத்து நிற்கும். அதனைக் குறையென்பாருமுளர், மக்கோம்பருக்கு அது போன்ற ஒரு குறை வாய்த்திருந்தால் கதையே இல்லை.

ரவையின் பருமன் பற்றிய வழக்கு இவையனைத்திலும் பழையது. பெருங்குழல் வேண்டுமென்பார் ஒருபுறம். சிறுகுழலே போதுமென்பார் மறுபுறம். சிறுகுழலாரின் தலைவர் ஸ்கொத்லாந்தினரான டபிள்யூ.டி.எம். பெல். உகண்டாவின் வடகிழக்கிலுள்ள கரமோஜாவின் பெயரால் அறியப்பட்ட அவர் தம் வாழ்நாளில் 1,011 யானைகளைக் கொன்றவர். அவற்றுட் பெரும்பகுதியை .275 றிக்பி போன்ற சிறுகுழல் துவக்குகளாலேயே வீழ்த்தினார். இறந்த யானையின் மண்டையோட்டை வாளால் அறுத்து, மூளை எங்கே எவ்வளவு இடத்திற் கிடக்கின்றது என்று கண்டறிந்த பின்னரே அவர் அந்நிலைக்கு வந்தார். நீண்டு மெலிந்து முழுதும் உலோகம் போர்த்த சன்னம் எலும்பை ஊடுருவி நேரே செல்லும் என்பது அவர் துணிபு. இதனைப் படிக்கும் தமிழ் மாணவனுக்கு வல்வில் ஓரியின் நினைவு வராமற் போகாது. யானையை வீழ்த்திப் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்துப் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்த அவனது அம்பைப் புறநானூற்றில் வன்பரணர் பாடினார். ஊடுருவல் என்று துவக்கு நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுவதெல்லாம் அந்த அம்பின் உரைதான்.

ஆனால் பெல்லின் புத்தகத்தைப் படித்தவர்கள் அவருடைய துவக்கை வாங்கினார்களேயன்றி அவருடைய வாளை வாங்கவில்லை. மண்டையோட்டை அறுத்துப் பாராமல் சிறுகுழலோடு யானை முன் நிற்பவன் அதனைக் கொல்வதில்லை, நோய்ப்படுத்தி அனுப்புகிறான். பிற்காலத்தில் ஆபிரிக்க நாடுகள் பல, பெரிய விலங்குகளைச் சுட .375 அங்குலத்துக்குக் குறைந்த குழல் ஆகாதெனச் சட்டம் செய்தமை அத்தகையோரை எண்ணித்தான். பெல்லுக்கு அச்சட்டம் தேவைப்பட்டிராது என்பது மெய். தந்தத்துக்காக ஆயிரம் யானைகளைக் கொன்றவரை வலியின்றிக் கொன்றார் என்பதற்காக எவ்வளவு போற்றலாம் என்பது வேறு கேள்வி. அதற்கு எந்தக் குழலின் அளவும் விடையாகாது.

முயலை வென்றவனிலும் யானையைத் தவறவிட்டவனுக்கே வள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தில் உயர்ந்த இடம் தருகிறார். போர்க்களத்துக்கு அது பொருந்தும். அங்கே தவறிய வேல் மண்ணில் விழும். யானை முழு உடலோடு திரும்பிச் செல்லும். காட்டில் வருந்தத்தக்கது தவறிய ரவையன்று. தவறாமலும் முடிக்காமலும் உடலுட் சென்று தங்கும் ரவையே அங்கு பெருந்தீங்கு. இலங்கையின் வயலோரங்களிற் பன்றிக்கெனக் கட்டப்படும் கட்டுத்துவக்கு இவ்வகையில் எல்லாத் துவக்குகளுக்கும் கடைநிலையில் நிற்பது. கம்பியிற் கால் தட்டியதும் வெடிக்கும் அதற்கு முதல் ரவை மட்டுமே உண்டு. வந்தது பன்றியா, யானைக்கன்றா, விறகு பொறுக்க வந்த மனிதனா என்று பார்க்க ஆளில்லை; காயத்தைத் தொடர்ந்து செல்லவும் ஆளில்லை. தீனிக்குள் வெடியை மறைத்து வைப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. வாய் சிதைந்து உண்ணமாட்டாது பல நாள் கிடந்து இறக்கும் யானைக்கன்றுகள் இந்நாட்டிற் புதினமல்ல.

கடைக்குத் திரும்புவோம். பட்டியல்களை ஒப்பிட்டு முடித்தவன் ஈற்றில் துவக்கைக் கையில் வாங்கித் தோளில் ஏற்றிப் பார்ப்பான். அப்போது அவன் செய்யத்தக்கது, வெற்றுத் துவக்காயினும் பிடங்கைத் தோளிலிருந்து இறக்காமல் தாழை இயக்குவது. தூக்கி, இழுத்து, தள்ளி, மடிக்கும்போது கண் இலக்கை விட்டு விலகுகிறதா, கைபிடி விரலுக்கு எட்டுகிறதா, தடை கட்டைவிரலுக்குத் தானாக அகப்படுகிறதா என்பனவற்றை எந்தப் பட்டியலும் அவனுக்குச் சொல்லாது. ஐம்பது முறை இயக்கினால் கடைக்காரன் சலித்துக்கொள்வான். சலிக்கட்டும். அவன் காட்டும் கடதாசி இலக்கு துவக்கின் திறமைக்குச் சான்று, வாங்குபவனின் திறமைக்கன்று. மேசையிற் சாய்த்துச் சுட்ட அந்த மூன்று துளைகளை, மூச்சிரைக்க மலையேறி நிற்பவன் ஒருபோதும் பெறப்போவதில்லை.

கோர்பெற்றுக்குப் பரிசாக வந்த .275 றிக்பி அவரோடு நெடுங்காலம் அலைந்தது. 1926இல் உருத்திரப்பிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையைக் கொன்றதும் அதுவே. 1947இல் அவர் கென்யாவுக்குக் குடிபெயர்ந்தார். 1955இல் அங்கேயே காலமானார். துவக்கு அவருடைய நூல்களை வெளியிட்ட ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகத்தாரிடம் பல்லாண்டு இருந்தது. 2015இல் அதனை ஆக்கிய கொம்பனியே அதை மீட்டு வாங்கிக்கொண்டது. அதன் பிடங்கில் வெள்ளித் தகடொன்று பதிக்கப்பட்டிருக்கின்றது. 1907இல் சம்பாவத்தில் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றமைக்காக இன்னார் இன்னாருக்கு அளித்தது என்று அதிற் பொறித்திருக்கிறார்கள்.

அந்தப் புலி நேபாளத்தில் 200 பேரையும் குமாவோனில் 236 பேரையும் கொன்றதாகக் கணக்கு. இறந்த பின் கோர்பெற் அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்புறத்துக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேற்பல் பாதியோடும், கீழ்ப்பல் எலும்பு வரைக்கும். பழைய துவக்குக் காயம் அது. அந்தப் பற்களாற் காட்டு விலங்கைப் பிடிக்க இயலாமையாலேயே அது மனிதரைக் கொல்லத் தொடங்கியது என்று அவர் எழுதினார். அதனைச் சுட்டவன் யார், எந்தத் துவக்கால் சுட்டான், அடுத்த ரவை அவனிடம் இருந்ததா என்பன எந்தத் தகட்டிலும் இல்லை.